16 மாதக் குழந்தைக்கு ஐந்து இடங்களில் சிகிச்சை: இவற்றை ஒருங்கிணைக்க வேண்டியவர் யார்?

கேள்வி: தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இரண்டாவது குழந்தை 31 வாரத்திலேயே 1.35 கிலோ எடையுடன் பிறந்து, பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் பல வாரங்கள் இருந்து வீட்டுக்கு வந்தவன். இப்போது அவனுக்கு 16 மாதம் ஆகிறது. தலை நின்றுவிட்டது, ஆனால் பிடிமானம் இல்லாமல் உட்கார மாட்டான். தூக்கி நிறுத்தினால் இரண்டு கால்களும் விறைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. பாலோ தண்ணீரோ குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்க்கிறான், சில நேரம் கேட்காதவன் போல இருக்கிறான். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் செய்த செவிப் பரிசோதனையின் தாளில் 'மறுபரிசோதனை தேவை' என்று எழுதியிருந்தார்கள். அது இன்னும் நடக்கவில்லை. கண் பரிசோதனை உரிய நேரத்தில் நடந்து, விழித்திரையில் பாதிப்பு இல்லை என்றார்கள்.

எங்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அரசு மருத்துவமனையின் ஆரம்பகால இடையீட்டு மையம் (வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் இடம்), ஊரில் உள்ள ஒரு தனியார் பிசியோதெரபி நிலையம், வேறொரு ஊரில் பேச்சுப் பயிற்சி, ஒரு தொண்டு நிறுவனத்தின் மையம், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் என்று ஐந்து இடங்களுக்கு அலைகிறோம். ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்ததை அடுத்த இடத்தில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் காலை நீட்டி இழுத்துவிடச் சொல்கிறார்; இன்னொருவர் அப்படி இழுக்கவே கூடாது என்கிறார். எல்லோரும் சொன்ன பயிற்சிகளையும் சேர்த்துச் செய்தால் பகல் முழுவதும் அதற்கே போய்விடும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருகிறார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒரு வைத்தியரிடம் காட்டினால் கால் சரியாகிவிடும் என்று மாமியார் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவற்றில் எதை முதலில் கவனிப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் சொல்வதையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவது யாருடைய வேலை என்பதும் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட், சேலம்

வணக்கம் சகோதரி. முதலில் வயதைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய நாளிலிருந்துதான் வளர்ச்சியை எண்ண வேண்டும். உங்கள் மகன் ஒன்பது வாரம் முன்னதாகப் பிறந்திருப்பதால் அவனுடைய திருத்திய வயது சுமார் 14 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒன்பது மாதத்துக்குள் பிடிமானமின்றி உட்கார்ந்துவிடுகின்றன. ஆகவே திருத்திய வயதை வைத்துப் பார்த்தாலும் தாமதம் இருக்கிறது. கால் விறைப்பும் சேர்ந்திருப்பதால், மூளை முடக்குவாதமா (மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாடிழக்கும் நிலையா) என்பதை நரம்பியல் மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். ஹேமர்ஸ்மித் என்ற நரம்பியல் பரிசோதனையை இரண்டு வயது வரை செய்யலாம்; அரை மணி நேரம்கூட ஆகாது, கருவி எதுவும் தேவையில்லை, கிடைக்கும் மதிப்பெண்ணை அடுத்த முறை வரும்போது ஒப்பிட்டும் பார்க்கலாம். 'இரண்டு வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாதவை என்று நான் மூன்றைச் சொல்வேன். முதலாவது, காது. செவிக் குறைபாடு உள்ளதா என்று ஒரு மாதத்துக்குள் முதற்கட்டமாகப் பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் கால வரையறை. உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. அன்று செய்தது அநேகமாக ஓ.ஏ.இ. என்ற சிறு பரிசோதனையாக இருக்கும். அது உட்செவியின் மயிரணுக்கள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டுமே காட்டும், அங்கிருந்து நரம்பு வழியே ஒலி மூளைக்குச் செல்கிறதா என்பதைக் காட்டாது. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு நரம்புப் பாதையிலும் சிக்கல் வர வாய்ப்புண்டு. எனவே ஓ.ஏ.இ.யை மறுபடி செய்து 'தேறிவிட்டான்' என்று சொன்னாலும், ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குச் செல்கிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். குழந்தை தூங்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனை அது. பேருந்திலேயே தூங்கிவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்தவுடன் விழித்துக்கொண்டால் அன்றைய பயணமே வீண். அதனால் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்பி, வழியெல்லாம் விளையாட்டுக் காட்டி, அங்கே போன பிறகு பால் கொடுத்துத் தூங்க வைப்பது நல்லது.

இரண்டாவது, புரையேறுதல். இது நுரையீரலைப் பாதிக்கக்கூடிய விஷயம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, பலரும் மறந்துவிடும் இடுப்பு மூட்டு. கால்கள் இப்படிப் பின்னிக்கொள்ளும் குழந்தைகளில் தொடை எலும்பின் தலை மெல்ல மெல்லக் குழியிலிருந்து விலகக்கூடும். தொடக்கத்தில் வலி இருக்காது, வெளியில் தெரியவும் தெரியாது. இடுப்புக்கு ஓர் எக்ஸ்ரே இப்போது எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக இணைக்க முடியும். சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் மூலையில் ஒரு சிறு நாற்காலியைப் போட்டு, இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையில் அவனை உட்கார வைத்து, இருபுறமும் சுருட்டிய துண்டை வைத்து அணைத்து, பாதங்கள் தொங்காமல் ஒரு பலகையில் பதியும்படி செய்யுங்கள். இரண்டு தொடைகளுக்கு நடுவே ஒரு சிறு தலையணையை வைத்தால் கால்கள் பின்னிக்கொள்ளா. நீங்கள் அவன் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, கரண்டியைத் தாழ்வாகக் கொண்டுபோனால் தாடை தானாகத் தாழும். அண்ணாந்து விழுங்கினால்தான் புரையேறும் ஆபத்து அதிகம். பாலும் தண்ணீரும் சரசரவென்று தொண்டைக்குள் ஓடிவிடும், ஆனால் கேழ்வரகுக் கூழும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக் கஞ்சியும் கெட்டியாக இருப்பதால் அவனுக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கும். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை நேரில் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு வாய்க்கும் முன் ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உட்காரும் பயிற்சி, விழுங்கும் பயிற்சி, கேட்கும் பயிற்சி மூன்றும் ஒரே வேளைச் சாப்பாட்டில் முடிந்துவிடுகின்றன. தனியாக இருபது நிமிடம் பாயில் போட்டுச் செய்யும் பயிற்சியைவிட, ஒரு நாளில் பலமுறை தானாக நிகழும் இத்தகைய பயிற்சியில் குழந்தை வேகமாகக் கற்கிறது என்பது என் அனுபவம்.

எனவே ஐந்து பேரில் உங்கள் மகனை அடிக்கடி பார்க்கும் ஒருவரை முதன்மைச் சிகிச்சையாளராக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அவருக்கு ஆலோசனை சொல்பவர்களாக இருந்தால் போதும். நீவிவிடுவதைப் பொறுத்தவரை, மாமியார் தம் கையால் வெதுவெதுப்பான எண்ணெய் தடவி மெல்லப் பிடித்துவிடுவதில் தவறே இல்லை, குழந்தைக்கும் அது பிடிக்கும். விறைத்த காலைப் பலம் கொண்டு இழுத்து மடக்கும் வைத்தியரிடம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். இந்த வயதில் எலும்பு மென்மையானது, எலும்பு முறிந்தே வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: மூளை முடக்குவாதமுள்ள ஏழு வயதுச் சிறுமியின் தாய், தென்காசி மாவட்டம்

பிசியோதெரபிஸ்ட் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். முதன்மைச் சிகிச்சையாளரைத் 'தேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்வது எளிது. எங்களைப் போன்ற ஊர்களில் யார் வருகிறாரோ அவரைத்தான் தேர்ந்துகொள்ள முடிகிறது. எங்களுக்கு அது வாய்த்ததற்குக் காரணம், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு இந்தப் பகுதியில் இருந்ததுதான். 1981இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே பயிற்சி பெற்ற மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் கிராமத்துக்கு வருவார். பிசியோதெரபி, பேச்சு, சிறப்புக் கல்வி ஆகியவற்றின் நிபுணர்கள் பின்னால் இருந்து அவருக்கு வழிகாட்டுவார்கள். குழந்தையின் முன்னேற்றம் கைபேசிச் செயலியில் பதிவாகிக்கொண்டே இருக்கும். நிபுணர் நால்வர் எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை, ஒருவர்தான் நுழைந்தார், ஆனால் நால்வரின் அறிவும் அவரோடு வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையின் உயரத்தைப் பார்த்து, 'இதைப் பிடித்தே இவளை நிற்கப் பழக்கலாம்' என்று சொன்னவர் அவர்தான். மருத்துவமனையில் இருந்துகொண்டு யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் மாவட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லையென்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிறந்த வாரம், எடை, திருத்திய வயது, நடந்த பரிசோதனைகளும் தேதிகளும், கொடுக்கும் மருந்துகள், இப்போது முயன்றுகொண்டிருக்கும் இலக்குகள் ஆகியவை இருக்க வேண்டும். இலக்குகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சிகிச்சையாளரையும் அதே நோட்டில், முடிந்தால் தமிழில், தம் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முந்தைய பக்கத்தில் இன்னொருவர் எழுதியிருப்பது கண்ணில் படும்போது, அதற்கு முரணாக எழுதுகிறவர் ஒரு நொடி யோசிப்பார். 'காலை இழுக்கலாமா, கூடாதா' என்ற உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கணவர் ஊரில் இல்லை என்பதால் எல்லாம் உங்கள் தலையில் விழும் அபாயம் இருக்கிறது. பயிற்சி சொல்லித் தரும்போது கைபேசியில் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். வரும் நாட்களில் சாப்பாடு ஊட்டும் வேலையை முழுவதுமாக அவரிடமே கொடுத்துவிடுங்கள். மாமியாரையும் ஒருமுறை கூடவே அழைத்துப் போங்கள். நான் சொன்னால் கேட்காத என் மாமியார், வெள்ளை கோட்டுப் போட்டவர் அதையே சொன்னதும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

பதில்: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரம்பகால இடையீட்டுத் துறையில் பணிபுரியும் தமிழர்

இங்குள்ள முறை அப்படியே அங்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் 'யாருடைய வேலை' என்று சகோதரி கேட்டிருப்பதால் எழுதுகிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தில், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. 1986இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் வந்தது அது. அதன்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். குழந்தை பரிந்துரைக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்துடன் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் நான் மதிக்கும் ஒன்று, இலக்குகளைச் சிகிச்சையாளரின் மொழியில் எழுதாமல் குடும்பத்தின் தேவையாக எழுதுவது. 'உடற்பகுதித் தசைக் கட்டுப்பாடு மேம்பட வேண்டும்' என்று எழுதினால் அது பிசியோதெரபிஸ்டின் இலக்கு மட்டுமே. 'அக்கா சாப்பிடும்போது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, புரையேறாமல் சாப்பிட வேண்டும்' என்று எழுதிவிட்டால் எல்லாத் துறையினரும் அதற்குள் வந்தாக வேண்டும். இந்த முறையிலும் குறைகள் உண்டு. ஓர் ஒருங்கிணைப்பாளர் கையில் அளவுக்கு மீறிய குடும்பங்கள் இருக்கும். மூன்று வயது நிறைந்ததும் குழந்தை பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) பொறுப்புக்குப் போய்விடுவதால், பழகிய எல்லோரையும் விட்டுவிட்டுக் குடும்பம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

பதில்: சிறப்பாசிரியர், வட்டார வள மையம்

அம்மா, தமிழ்நாட்டில் சட்டப்படி பெயர் குறித்து நியமிக்கப்படும் ஒருங்கிணைப்பாளர் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு மிக அருகில் வரும் பணியிடம் ஒன்று இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பகால இடையீட்டு மையத்தை வடிவமைத்தபோது, குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், செவி மற்றும் பேச்சு வல்லுநர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் ஆகிய எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்றும், அவர்களை ஒருங்கிணைக்க ஒரு மேலாளர் இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பணியிடங்களும் எல்லா ஊரிலும் நிரம்பியிருப்பதில்லை. இருந்தாலும் நீங்கள் போகும் ஐந்து இடங்களில் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதையே கடமையாகக் கொண்டது இந்த ஒன்றுதான். எனவே முதன்மைச் சிகிச்சையாளர் ஊரில் உள்ளவராக இருக்கட்டும், கோப்பு இந்த மையத்தில் இருக்கட்டும் என்பது என் கருத்து.

அடுத்த முறை போகும்போது புறநோயாளிச் சீட்டுடன் வரிசையில் நிற்காமல், முன்கூட்டியே மேலாளரையோ சமூகப் பணியாளரையோ பார்த்து, 'எல்லோரும் ஒரே நாளில் குழந்தையைப் பார்த்து, ஒன்றாகப் பேசி, ஒரே தாளில் எழுதித் தர முடியுமா?' என்று கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் குடும்பங்களுக்கு அப்படிச் செய்து கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பிரசவ மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), மூளை ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் குறுந்தகடு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அங்கன்வாடி ஊழியரை மறந்துவிட வேண்டாம். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிந்து சேர்ப்பது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் தனி நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். அவர்கள் வரும் நாளில் உங்கள் மகன் அங்கே இருந்தால் பரிந்துரைச் சீட்டு எளிதாகக் கிடைக்கும். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி அளிக்கும் வசதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பெரியவர்களையே பார்த்துப் பழகியவர்கள் என்பதால், நோட்டுப் புத்தகத்தைக் காட்டிப் பேசிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறது. உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு வயது நிறைந்த பிறகே சான்று தருவார்கள். ஐந்து வயது வரை 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்றுதான் குறிப்பிடுவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். இதைக் கண்டு 'முத்திரை குத்திவிட்டார்கள்' என்று வீட்டில் யாரும் வருந்த வேண்டியதில்லை. பேருந்துச் சலுகை, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆகிய எதற்கும் இந்தச் சான்றுதான் வாசல். அவற்றில் எதற்கு எவ்வளவு சதவீதக் குறைபாடு சான்றில் இருக்க வேண்டும் என்பதை நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 'பெரா' பரிசோதனையில் கடும் செவிக் குறைபாடு உறுதியானால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (உட்செவியில் பொருத்தும் கேட்கும் கருவி) அறுவைச் சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. அதற்கு முன் செவித்துணைக் கருவி பொருத்திப் பார்ப்பார்கள், அந்தக் காலமும் கணக்கில் வர வேண்டும் என்பதால்தான் காதை முதலில் முடிக்கச் சொல்கிறோம்.

கேள்வி கேட்ட தாய்

எல்லோருக்கும் என் நன்றி. 'பெரா' பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டேன். இடுப்பு எக்ஸ்ரேயையும் அதே பயணத்தில் எடுத்துவிடலாம் என்று மையத்தின் சமூகப் பணியாளர் சொல்லியிருக்கிறார். பொது நோட்டும் தொடங்கிவிட்டோம். 'அக்காவுடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்' என்பதையே முதல் இலக்காக எழுதி வைத்திருக்கிறேன், எழுதியவள் மகள். ஒரே சிக்கல், ஊரில் உள்ள தனியார் பிசியோதெரபிஸ்ட் நோட்டில் எழுத மறுக்கிறார். 'மற்றவர்கள் சொன்னதைப் பார்த்து நான் மாற்றிக்கொள்ள முடியாது' என்கிறார். வாரத்தில் மூன்று நாள் அவரிடம்தான் போகிறோம். என்ன செய்வது?

பதில்: குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட், சேலம்

என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். அவருக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். 'எழுதுங்கள்' என்று கேட்பதற்குப் பதிலாக, அவர் செய்வதை நீங்களே இரண்டு வரியில் எழுதி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று காட்டுங்கள். தவறாக இருந்தால் திருத்தாமல் இருக்க அவருக்கு மனம் வராது. அதற்கும் மறுத்தால், அவர் கைத்திறன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவரை முதன்மைச் சிகிச்சையாளராக வைத்துக்கொள்ள முடியாது. வாரம் மூன்று நாளை ஒன்றாகக் குறைத்துவிட்டு, தொண்டு நிறுவன மையத்தின் சிகிச்சையாளரிடம் அந்தப் பொறுப்பைக் கேளுங்கள். மிச்சமாகும் பேருந்துச் செலவில் சாப்பாட்டு நாற்காலிக்கு ஒரு மரத்தட்டும் மார்புப் பட்டையும் போட்டுவிடலாம். அளவு எடுப்பதற்கு முன், அவன் இப்போது உட்காரும் நிலையைப் பக்கவாட்டில் படம் எடுத்து, முகம் தெரியாதபடி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.